பதினாலு கேள்விக்கும் ஆமாம்

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவளுக்கு உண்டு. அது பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் அவளைச் சரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நாளைக்குச் சீக்கிரம் வர முடியுமா? சரி. குளிர் அறையில் ஆள் இல்லை, போகிறாயா? சரி. உன் லீவை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுப்பாயா? அதற்கும் சரி. தமிழே தெரியாத பெண்கள்கூட அந்த ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு, அவளைக் கண்டால் "சரி, சரி" என்று தலையை ஆட்டிச் சிரிப்பார்கள். அதன் வாலில் அம்மாவை ஒட்டவைத்தது ரேடியோ அக்கா. அந்த அக்காவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போதே உள்ளே விட்டால் வேறு யாரையும் பேச விடமாட்டாள்.

விமான நிலையத்துக்குப் பின்பக்கம் ஜன்னலே இல்லாத ஒரு நீளக் கட்டடம். விமானத்தில் போகிறவர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற இடம். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பன் வைக்கிறவள் பன் மட்டும் வைப்பாள், வெண்ணெய் வைக்கிறவள் வெண்ணெய் மட்டும். எதிர்ச் சுவரில் தட்டின் படம் ஒட்டியிருக்கும். கரண்டிப் பொட்டலம் எந்தப் பக்கம், தண்ணீர் டப்பா எந்த மூலை, எல்லாம் படத்தில் உள்ளபடியே அமைய வேண்டும். சரியம்மாவுக்குப் பெல்ட்டின் கடைசி இடம். ஸ்டிக்கர் தட்டுகள் அவள் பொறுப்பு. உப்பு வேண்டாம் என்றவர், பால் ஆகாதவர், கடலை என்றாலே மூச்சு முட்டுகிறவர் என்று நாளைக்கு முந்நூறு பேர் இருப்பார்கள். எந்தச் சீட்டுக்கு எது என்று பார்த்து ஒட்டி அனுப்புவாள். இரண்டு வருஷத்தில் ஒரு ஸ்டிக்கர் மாறியதில்லை. முகம் தெரியாத முந்நூறு பேருக்கு என்ன வேண்டாம் என்பது அவளுக்கு அத்துபடி. உனக்கு என்ன வேண்டாம் என்று அவளையே கேட்டால் திருதிருவென்று முழிப்பாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் ஏழாம் மாதத்தில் ஆஸ்பத்திரியில் அந்தப் படிவத்தைக் கொடுத்தார்கள்.

அந்த நாட்டில் பிள்ளை பெறுவதற்குத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். வீடு கட்டப் பிளான் போடுவார்கள், கேட்டிருக்கிறோம். பிள்ளை வெளியே வருவதற்குப் பிளானா? இரண்டு பக்கத்தில் பதினாலு கேள்விகள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஆமாம் என்று ஒரு கட்டம், வேண்டாம் என்று ஒரு கட்டம். பிரசவம் பார்க்கும் நர்ஸ் அதை இரண்டு கையாலும் நீட்டியதைப் பார்த்து, ஏதோ பரீட்சைத்தாள் என்று சரியம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

கூட அவள் புருஷன் இருந்தான். அவளுக்கு மூன்று வருஷம் முன்னாலேயே அந்த நாட்டுக்கு வந்து, ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். அந்த ஊர் மொழியைக் கரைத்துக் குடித்துவிட்டதாக அவனுக்கு நினைப்பு. நினைப்பு என்ன, உண்மையிலேயே நன்றாகத்தான் பேசுவான். குறை ஒன்றே ஒன்று. கிடங்கில் பெட்டியை நெருக்கி அடுக்கிப் பழகியவன், பிறத்தியார் பேச்சையும் அப்படியே நெருக்கிவிடுவான். தனக்கு இடுப்பில் எப்படி வலி ஆரம்பிக்கிறது, பெல்ட் பக்கத்தில் பத்து மணி வரை எப்படித் தாங்குகிறது, பிறகு அது எப்படித் தொடை வழியாக இறங்குகிறது, உட்கார்ந்தால் எவ்வளவு நேரத்தில் விடுகிறது என்று சரியம்மா மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் நர்ஸிடம் மூன்றே வார்த்தை சொன்னான். நர்ஸ் திருப்பி ஒரு பிரசங்கமே செய்தாள். அவன் இவள் பக்கம் திரும்பி, "எல்லாம் நார்மல்தானாம்" என்றான்.

போனில் தமிழ் பேசுகிற ஒருவரைப் பிடித்துத் தரட்டுமா, அதற்கென்றே ஆள் இருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டாள். அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், போன் எதுக்கு?" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, வேண்டாம் என்று அந்த மொழியில் பதவிசாகச் சொன்னான்.

மறுநாள் இடைவேளையில் ரேடியோ அக்கா படிவத்தைப் பிடுங்கிக்கொண்டாள். இந்த அக்கா வெண்ணெய் வைக்கிறவள். அந்த நாட்டிலேயே இரண்டு பிள்ளை பெற்றவள், அதனால் பிரசவ விஷயத்தில் தனக்கு மிஞ்சி டாக்டரே கிடையாது என்பாள். படிவத்தை மைக்ரோவேவ் மேல் விரித்துவைத்து மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்தாள்.

"இதுக்கா இப்படி முழிக்கிறே? எல்லாத்துக்கும் ஆமாம்னு டிக் போட்டுடு."

"எல்லாத்துக்குமா அக்கா?"

"பின்னே? அவங்க ஒண்ணு குடுக்கறேங்கறாங்க. நாம வேண்டாம்னா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காதா? நாளைக்கு அவங்க கையிலதானே நம்ம உசிரு இருக்கு. மனசுல வச்சுக்கிட்டா என்ன பண்ணுவே?"

"எனக்கும் அதான் பயம்."

"நான் ரெண்டு தடவையும் ஆமாம்தான் போட்டேன். பாரு, கல்லுகுண்டாட்டம் ரெண்டு."

பெரியவர்கள், டாக்டர்கள், கையில் பேனா வைத்திருக்கிறவர்கள் ஒன்று கேட்டால் ஆமாம் என்பதுதான் மரியாதை. இதில் அவர்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. சரியம்மா அந்த இடத்திலேயே, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, பதினாலு ஆமாம் போட்டாள். ஒவ்வொரு டிக்கும் அச்சடித்த மாதிரி ஒரே அளவு.

வீட்டில் மகள் மேஜையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. தமிழ் வீட்டில், அந்த மொழி பள்ளிக்கூடத்தில் என்று இரண்டையும் இரண்டு கையில் வைத்திருக்கிறவள். படிவத்தைப் புரட்டிப் பார்த்தவள், "அம்மா, இங்கே எழுத மறந்துட்டே" என்றாள்.

"எங்கே?"

"கடைசியில கோடு போட்டிருக்காங்கல்ல, இதுல. 'நாங்க வேற ஏதாவது தெரிஞ்சுக்கணுமா'ன்னு கேட்டிருக்காங்க."

சரியம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். நாலு வரிக்கு வெறும் கோடு. டிக் போடக் கட்டம் கிடையாது.

தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருந்தது. ஏழு வருஷமாக அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று. இந்த மகளைப் பெற்றது சொந்த ஊர் ஆஸ்பத்திரியில். பிரசவ அறைக்குள் ஆம்பிளை யாரும் வரக் கூடாது, பெற்ற தாயும் கூடாது. நெடுக ஒன்பது கட்டில். வலி உச்சத்துக்குப் போனபோது அவள் கத்தினாள். வலித்தால் கத்தத்தானே செய்வார்கள்? வார்டு ஆயா வந்து தொடையில் பளீரென்று ஓர் அறை விட்டாள். "வாயை மூடுடி. அன்னைக்கு இனிச்சுது, இன்னைக்கு வலிக்குதா?" என்றாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கூடப் பரவாயில்லை, பயத்தில் வந்த சிரிப்பு அது. மறுபடி ஒரு முறை வாயை மீறிச் சத்தம் வந்தது, மறுபடி அறை விழுந்தது. இன்னும் என்னென்னவோ சொன்னாள் அந்த ஆயா. அதையெல்லாம் எழுத எனக்கே கை கூசுகிறது, கேட்டவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அதற்குப் பிறகு சரியம்மா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். பிள்ளை பிறக்கிறவரை எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது மாமியார் ஊருக்கெல்லாம் பெருமையடித்தாள், "என் மருமக வாயே திறக்கலையே, அப்படி ஒரு பொறுமை!" என்று. புருஷன் குழந்தையை வாங்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் போய் இதை எப்படிப் போடுவது? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் ஏழு வருஷம் ஓடிவிட்டது. ஊமை கண்ட கனவாக அவளோடு கிடந்தது.

இப்போது இரண்டாவது. வலியைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. வலி வரும், போகும். யாரும் தன்னைத் திட்டக் கூடாது, யாரும் அடிக்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான். பதினாலு கேள்வியில் இது இல்லை. இந்தக் கோட்டில்தான் எழுத வேண்டும். எழுத அவளுக்கு அந்த மொழி தெரியாது. ஏழு வயதுப் பிள்ளையைக் கொண்டு எழுதுகிற விஷயமா இது? எழுத வேண்டியவன் புருஷன், சொல்ல வேண்டியதும் அவன் வாய் வழியாக. யாரிடம் ஏழு வருஷம் மறைத்தாளோ அவனிடமே முதலில் அவிழ்க்க வேண்டும்.

அவன் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஆரம்பித்தாள். "என்னங்க, அந்தப் படிவத்துல ஒண்ணு எழுதணும்."

"என்னது?"

"அது... கத்தினா அவங்க கோவிச்சுக்குவாங்களான்னு."

அவன் சிரித்தான். "உனக்கா அந்தக் கவலை? நீதான் போன தடவை வாயே திறக்கலையே." சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி போடச் சொன்னான். அவள் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சின்ன அறை. எடை பார்க்கிற மெஷின், மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் வயிற்றுக்குள் குழந்தை புரளுகிற படங்கள். நர்ஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். முதல் பக்கம் பார்த்தாள், இரண்டாம் பக்கம் பார்த்தாள், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு ஏதோ கேட்டாள். படிவத்தை வாங்கிப் பார்த்த சரியம்மாவின் புருஷன் நெற்றியில் கை வைத்துக்கொண்டான்.

"என்ன பண்ணி வச்சிருக்கே நீ? வலி தெரியாம இருக்க ஊசி வேணும்னு போட்டிருக்கே. அடுத்ததுலயே ஊசியே போடக் கூடாதுன்னும் போட்டிருக்கே."

"ஐயோ."

"தண்ணித் தொட்டிக்குள்ள பெறணுமாம், கட்டில்ல படுத்தும் பெறணுமாம். புள்ளைய உடனே நெஞ்சுல போடணுமாம், குளிப்பாட்டிட்டுத்தான் குடுக்கணுமாம். லைட்டை அணைக்கணுமாம், பாட்டு வைக்கணுமாம். இது பிரசவமா, திருவிழாவா?"

"வேண்டாம்னு போட்டா மரியாதை இல்லேன்னு நினைச்சேன்."

"இது என்ன கூத்து? பிரசவ நேரத்துல புருஷன் உள்ளே இருக்கணும், அதுக்கும் ஆமாம் போட்டிருக்கே!" இதைப் பார்த்ததும்தான் அவனுக்கு நிஜமாகவே வியர்த்தது. ரத்தம் எடுக்கிற ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் அவன். கிடங்கில் ஒருத்தன் விரலை நசுக்கிக்கொண்டபோது, நசுங்கினவன் நின்றுகொண்டிருக்க இவன் மயங்கி விழுந்த கதை ஊரறிந்தது. "அதெல்லாம் எனக்கு ஆகாதும்மா. நான் கதவுக்கு வெளியே நிக்கிறேன். போன தடவையும் அப்படித்தானே? கதவை ஒட்டித்தான் நின்னேன், ஒரு இன்ச் நகரலை. ஒரு சத்தம் கேட்டா ஓடி வந்துட மாட்டேனா?"

ஒரு சத்தம் கேட்டால். வழக்கமாகச் சரியம்மா அந்த இடத்தில் சரி என்றிருப்பாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது அந்தச் சொல். இன்னும் இரண்டு மாதத்தில் மறுபடி ஒரு கட்டிலில் ஏறிப் படுக்க வேண்டும், இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்லிப் பயனில்லை. அழுகைதான் முதலில் வந்தது.

நர்ஸ் எழுந்து வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவனைப் பார்த்து வெளியே கை காட்டி, மேஜைமேல் இருந்த போனை எடுத்தாள். அவன் வெளியே இருக்கட்டும், போனில் தமிழ்க்காரரைக் கூப்பிடுகிறேன் என்பது மொழி தெரியாதவளுக்கே புரிந்தது.

"வேண்டாம்" என்றாள் சரியம்மா. தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள், நர்ஸுக்கும் புரியட்டும் என்று. "போன் வேண்டாம். இவரே சொல்லட்டும்."

"என்ன சொல்லணும்?" என்றான் அவன். குரல் இறங்கிவிட்டது.

"அந்தக் கடைசிக் கோட்டுல எழுதணும்னு சொல்லுங்க. என்னை யாரும் திட்டக் கூடாது. யாரும் அடிக்கக் கூடாது. நான் கத்தினா கத்த விடணும். போன தடவை ஆயா தொடையில அடிச்சா. ரெண்டு தடவை. அன்னைக்கு இனிச்சுதான்னு கேட்டா. நான் புடவையை வாயில வச்சு அடைச்சுக்கிட்டேன். அதான் சத்தம் வரலை. பொறுமை எல்லாம் ஒண்ணும் இல்லை. பயம். இதைச் சொல்லுங்க. குறைச்சுச் சொல்லாதீங்க."

அவன் வாயைத் திறந்தான். முதல் வாக்கியம் அந்த மொழியில் வந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. நர்ஸ் காத்திருந்தாள். அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு தமிழில் பேசினான்.

"கேட்டுது."

"என்ன?"

"அந்த ஆயா கத்தினது. எனக்குக் கேட்டுது. அறை விழுந்த சத்தம்கூட. உள்ளே ஒன்பது பேர் இருந்தீங்களே. பாவம், யாரோ ஒருத்தி மாட்டிக்கிட்டான்னு நினைச்சேன். பக்கத்துல நின்னவன் சிரிச்சான். நானும் சிரிச்சேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நர்ஸ் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினான். நீளமாகச் சொன்னான். இடையில் தன்னைக் காட்டியும் ஏதோ சொன்னான். நர்ஸ் குறுக்கே பேசவே இல்லை. முடிந்ததும், அந்த நாலு வரிக் கோட்டிலும் நிரம்ப எழுதினாள். பிறகு பழைய படிவத்தை ஓரமாக வைத்துவிட்டுப் புதுசு ஒன்றை நீட்டினாள். இந்த முறை சரியம்மா ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுப் போட்டாள். பாட்டு வேண்டாம். தொட்டி வேண்டாம், தண்ணீர் என்றால் பயம். ஊசி பற்றி அப்போது பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையை உடனே நெஞ்சில் போட வேண்டும். மொத்தம் எட்டு வேண்டாம். புருஷன் உள்ளே இருப்பதற்கான கட்டம் வந்தபோது அவன் தானே பேனாவை வாங்கி ஆமாம் என்று போட்டான். டிக் கோணலாக விழுந்தது.

மறுநாள் ரேடியோ அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எட்டு வேண்டாமா? உனக்கு என்னடி ஆச்சு?" என்றாள். பிறகு ஒரு டப்பா வெண்ணெய் காலியாகிறவரை வாயே திறக்கவில்லை. ரேடியோ நின்றுபோனதை அந்தப் பெல்ட்டில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. கடைசியில், "என்னையும் அடிச்சாங்கடி, ஊர்ல, என் மூத்தவனுக்கு" என்றாள். அந்த நாட்டில் இரண்டு பெற்றது உண்மை, அதற்கு முன் ஊரில் ஒன்று பெற்றதை அவள் சொன்னதே இல்லை.

வலி எடுத்தது ஒரு புதன்கிழமை காலை, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில். பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அதே நர்ஸ். ஒற்றைக் கட்டில் போட்ட அறை. அவன் தலைமாட்டில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். விழுந்துவிடாமல் இருக்க ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். முதல் ஒரு மணி நேரம் சரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். பழக்கம் விடுமா? நர்ஸ் குனிந்து அவள் காதோடு ஏதோ சொன்னாள்.

"கத்தணும்னா கத்தலாம்கறாங்க" என்றான் அவன்.

அப்புறம் கத்தினாள் பாருங்கள். அம்மா என்று கத்தினாள், ஐயோ என்று கத்தினாள், பெல்ட்டையும் குளிர் அறையையும் சூப்பர்வைசரையும் சேர்த்துத் திட்டினாள். வலி ஒன்று பெரிதாக ஏறியபோது தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து வாங்க போங்க என்று பேசியவள்.

"கேட்டுதுல்ல உனக்கு? அடி விழுந்தது கேட்டுதுல்ல? கேட்டும் வெளியவே நின்னியே! சிரிச்சுக்கிட்டு நின்னியே!"

நர்ஸ் நிமிர்ந்து, என்ன சொல்கிறாள் என்று அவனைக் கேட்டாள். அவன் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னான். நர்ஸ் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மெதுவாக ஒன்று கேட்டாள். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"என்னை வெளியே அனுப்பிடட்டுமான்னு உன்னைக் கேக்கறாங்க" என்றான்.

சரியம்மாவுக்கு அடுத்த வலி வந்துகொண்டிருந்தது. கம்பிமேல் இருந்த அவன் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்னு சொல்லு. இங்கேயே நில்லு."

அவன் சொன்னான், நின்றான். பதினொன்றே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது.